பூசி மெழுகாத வரலாறு

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில், முன்பதிவு செய்யாமல் போனால் ஏமாந்து திரும்ப வேண்டிய இடம் ஒன்று உண்டு. கில்மெய்னம் சிறைச்சாலை. 1796-ல் திறந்து 1924-ல் மூடிய பழைய ஜெயில். கோடைக்காலத்தில் அதற்கு டிக்கெட் கிடைப்பதே பெரிய பாடு. பச்சைப் புல்வெளிக்கும் கடலோரப் பாறைக்கும்தான் அயர்லாந்து என்று எண்ணி விமானம் ஏறுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் சிறையைத்தான். அந்த நாட்டின் பழைய ஊர்களை எப்படிப் பார்ப்பது என்பதற்கு இதுவே அரிச்சுவடி.

சிறைக்குள் நாமாக உலாவ முடியாது. வழிகாட்டியோடுதான் போக வேண்டும். பழைய மேற்குப் பகுதியின் நடைகள் குறுகல். வெயில் நாளிலும் சுவரைத் தொட்டால் ஈரம் கையில் ஒட்டும். ஆரம்ப காலத்தில் ஜன்னல்களுக்குக் கண்ணாடியே கிடையாது. கைதிக்கு வெளிச்சமும் சூடும் தர ஒரே ஒரு மெழுகுவத்தி. அதை இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். 1840-களின் பெரும்பஞ்சத்தில் இந்த அறைகள் பிதுங்கி வழிந்தன. வெளியே பட்டினி, உள்ளே வேளைக்கு ஏதோ ஒன்று கிடைக்கும் என்பதால் வேண்டுமென்றே சின்னத் திருட்டில் மாட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள்.

1916-ல் டப்ளினில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக ஈஸ்டர் எழுச்சி வெடித்து, ஆறு நாளில் ஒடுக்கப்பட்டது. மே 3 முதல் 12 வரை, அதன் தலைவர்கள் 14 பேரை இந்தச் சிறையின் முற்றத்தில் சுட்டுக் கொன்றார்கள். கைதிகள் கல்லுடைத்த முற்றம் அது. உயரமான சாம்பல் நிறச் சுவர்களுக்கு நடுவே சரளைத் தரை, இரண்டு கோடிகளில் இரண்டு எளிய சிலுவைகள். ஒன்று 13 பேர் நின்ற இடம். மற்றது ஜேம்ஸ் கானலி என்ற தொழிற்சங்கத் தலைவருக்கு. காயம்பட்டு நிற்க முடியாமல் இருந்த அவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து, வாசலுக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டார்கள். முதல் சிலுவையிலிருந்து இரண்டாவதற்கு நடந்துபோகும் தூரத்தில் வழிகாட்டி எதுவும் பேசாமல் இருப்பார். அந்த நடையிலேயே ஒரு நாட்டின் மனம் மாறிய கதை புரிந்துவிடும். எழுச்சி நடந்தபோது டப்ளின் மக்களில் பலர் அதை வெறுத்தார்கள். நாள்தோறும் வந்த மரண தண்டனைச் செய்திகள்தான் அவர்களைக் கிளர்ச்சிக்காரர்கள் பக்கம் திருப்பின.

இந்த அளவோடு நிறுத்தினால் எந்த நாட்டிலும் காணக்கூடிய தியாகிகள் நினைவிடமாகத்தான் இருக்கும். கில்மெய்னம் அதற்கு மேலும் பேசுகிறது. கிரேஸ் கிஃபோர்ட் என்ற ஓவியர், எழுச்சித் தலைவர்களில் ஒருவரான ஜோசப் பிளங்கெட்டை இந்தச் சிறையின் சிற்றாலயத்தில் இரவு நேரத்தில் மணந்தார். சில மணி நேரத்தில், மே 4 விடிகாலையில், கணவரைச் சுட்டுவிட்டார்கள். அதே கிரேஸ் 1923-ல் மறுபடி இங்கே வந்தார், கைதியாக. இந்தத் தடவை அவரை அடைத்தது ஆங்கிலேயர் அல்ல. அவர் கணவர் எந்த விடுதலைக்காக உயிர் விட்டாரோ அந்த விடுதலை பெற்ற ஐரிஷ் அரசு. உள்நாட்டுப் போர்க் காலம் அது. அறைச் சுவரில் அவர் மாதாவும் குழந்தையும் வரைந்தார். மூல ஓவியம் மங்கிப்போய், பிற்பாடு வேறொரு ஓவியர் மறுபடி தீட்டியதைத்தான் இன்று பார்க்கிறோம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்கள்.

1922 நவம்பர் 17 அன்று இதே சிறையில் நான்கு இளைஞர்கள் சுடப்பட்டார்கள். உத்தரவு கொடுத்தது புதிய ஐரிஷ் அரசு. சொந்த நாட்டு அரசு சொந்த நாட்டுப் பிள்ளைகளைச் சுட்டதை இன்று வழிகாட்டி பள்ளிக் குழந்தைகள் முன்னால் நின்று சொல்கிறார். ஆனால் இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. பாழடைந்து கிடந்த சிறையை 1960-ல் தன்னார்வலர்கள் கையிலெடுத்துச் சீரமைக்கத் தொடங்கியபோது தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள்: உள்நாட்டுப் போர் பற்றி இங்கே பேச்சே எடுக்கக் கூடாது. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் நின்று போரிட்ட குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே சாரத்தில் நின்று வேலை பார்க்க வேண்டுமே. அந்த மௌனம் கலைய ஒரு தலைமுறை பிடித்தது. பூசி மெழுகாமல் சொல்வதென்பது ஐரிஷ் மக்களுக்குப் பிறவியிலேயே வந்த குணமில்லை, கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. அவர்களுடைய பழைய ஊர்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுதான்.

சுண்ணாம்புக்குக் கீழே

டிப்பரரி மாவட்டத்தில் கேஷல் என்ற சிற்றூர். சமவெளியில் திடீரென்று எழும் சுண்ணாம்புப் பாறை மேல் மன்ஸ்டர் நாட்டு மன்னர்களின் பழைய இருக்கை. 1101-ல் அதைத் திருச்சபைக்குத் தானம் கொடுத்தார்கள். மேலே கூரையில்லாத பேராலயம், ஓர் உருண்டைக் கோபுரம், நடுவே 1134-ல் முடிந்த கார்மக் சிற்றாலயம். 1647-ல் படையெடுத்து வந்தவர்கள் பேராலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்களையும் வெட்டினார்கள்.

சிற்றாலயத்தின் உட்சுவரில் 12-ஆம் நூற்றாண்டு வண்ண ஓவியங்கள் இருக்கின்றன. மதச் சீர்திருத்தக் காலத்துக்குப் பின் அவற்றின் மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். பல நூறு ஆண்டு கழித்து, 1980-களில்தான் பூச்சைச் சுரண்டிச் சுரண்டி அவை வெளியே வந்தன. மணற்கல் கட்டடம் என்பதால் மழைநீரை உறிஞ்சிக்கொண்டே இருந்தது. முழுக் கட்டடத்தையும் சாரத்தால் மூடிப் பல ஆண்டு உலர வைத்தார்கள். உள்ளே சிறு குழுக்களாகத்தான் விடுகிறார்கள். நம் மூச்சின் ஈரமே ஓவியத்துக்கு ஆபத்து. நீலமும் செம்மண் நிறமும் திட்டுத் திட்டாக, முழு உருவம் எதுவும் பிடிபடாமல் தெரியும். இழந்த பகுதிகளைக் கற்பனையால் நிரப்பித் தீட்டிவிடாமல் அப்படியே விட்டிருப்பதற்காகவே அங்கே கொஞ்ச நேரம் நிற்கலாம்.

பாய்ன் ஆற்று வளைவில், மீத் மாவட்டத்தில், இழந்ததை நிரப்பலாமா என்ற கேள்வியை இன்னும் பெரிதாக எழுப்பும் இடம் நியூகிரேஞ்ச். கி.மு. 3200-ஐ ஒட்டிக் கட்டிய கற்கால ஈமக்குன்று. எகிப்தின் கிசா பிரமிடுகளுக்கும் மூத்தது. 85 மீட்டர் விட்டமுள்ள குன்றைச் சுற்றி 97 கரைக்கற்கள். 19 மீட்டர் நீளச் சுரங்க நடையில் குனிந்து, தோளை ஒருக்களித்துத்தான் போக முடியும். உள்ளறையின் கூரை, கல்மேல் கல்லை உள்நோக்கி நீட்டி அடுக்கியது. சாந்து கிடையாது, இன்றுவரை ஒழுகியதில்லை.

டிசம்பர் 21-ஐ ஒட்டிய சில காலைகளில் மட்டும், வாசலுக்கு மேலுள்ள சிறு திறப்பு வழியாக உதயசூரியனின் கதிர் அந்த நடை முழுக்க ஊர்ந்து உள்ளறையைத் தொடும். சுமார் 17 நிமிடம். ஊரார் வாய்வழியாகச் சொல்லிவந்த இந்தச் செய்தியை, அகழாய்வாளர் மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பரில் உள்ளே தனியாக நின்று கண்ணால் பார்த்து உறுதி செய்தார். இன்று அந்தக் காலைகளுக்கு இடம் குலுக்கல் முறையில்தான். மற்ற நாட்களில் விளக்கை அணைத்துவிட்டு, மின்விளக்கால் அந்தக் கதிரைக் காட்டுவார்கள். செயற்கைதான், ஆனாலும் கும்மிருட்டில் அந்த மஞ்சள் கோடு தரையில் நீளும்போது பேச்சு எழாது.

வெளியே வந்தால் குன்றின் முகப்பில் பளீரென்ற வெண்கல் மதில். படங்களில் நாம் பார்ப்பது அதைத்தான். அது பழையது என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. தரையில் சரிந்து கிடந்த வெண்படிகக் கற்களை வைத்து, 1970-களில் கான்கிரீட் பின்சுவர் எழுப்பி ஓ'கெல்லி மறுபடி கட்டியது. முன்பு அப்படித்தான் இருந்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பக்கத்திலேயே நௌத் என்ற இன்னொரு குன்று. அதைத் தோண்டிய ஜார்ஜ் ஓகன் அதே வகைக் கற்களை மதிலாக எழுப்பவில்லை. வாசல் முன் தரையில் பரப்பிவிட்டார். ஒரே வகைச் சான்று, இரண்டு அறிஞர்கள், இரண்டு முடிவுகள். ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்க்க முடிகிறபோது, இரண்டையும் பார்த்துவிடுவதே நல்லது.

எஜமானி பெயரில் கடை

கில்கெனி, நடந்தே பார்த்துவிடக்கூடிய நகரம். ஒரு முனையில் கோட்டை, மறு முனையில் புனித கேனிஸ் பேராலயம். பேராலயத்தின் உருண்டைக் கோபுரத்தில் ஏணிப்படிகள் வழியாக உச்சிவரை ஏறலாம்; அயர்லாந்தில் இதற்கு அனுமதி உள்ள பழங்கோபுரங்கள் மிகக் குறைவு. கோட்டையைப் பட்லர் குடும்பம் 1391-ல் வாங்கி, 1935 வரை அங்கே வாழ்ந்தது. கடைசியில் 1967-ல் வெறும் 50 பவுண்டுக்கு ஊர் மக்களிடம் ஒப்படைத்தார்கள்.

1366-ல் இங்கே கூடிய சபை ஒரு சட்டம் போட்டது. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் மொழி பேசக் கூடாது, ஐரிஷ் வீடுகளில் பெண் கொடுத்து வாங்கக் கூடாது, ஐரிஷ்காரர்களைப் போலச் சேணமில்லாமல் குதிரை ஏறக் கூடாது. தடை போட வேண்டிய அளவுக்கு அதெல்லாம் நடந்துகொண்டிருந்தது என்று பொருள்.

அதற்கும் முன்னால், 1324-ல், ஆலிஸ் கைட்லர் என்ற பணக்காரப் பெண்மணி மீது பிஷப் சூனியக் குற்றம் சாட்டினார். ஆலிஸுக்குச் செல்வாக்கு இருந்தது; தப்பிவிட்டார். அவர் வீட்டு வேலைக்காரி பெட்ரோனிலாவைக் கசையால் அடித்து, நகர நடுவில் உயிரோடு எரித்தார்கள். ஆலிஸின் வீடு இருந்த இடம் என்று சொல்லப்படும் கட்டடத்தில் இன்று ஒரு மதுக்கூடம் நடக்கிறது, எஜமானியின் பெயரில். எரிந்துபோன வேலைக்காரியின் பெயருக்கு அந்தத் தெருவில் இன்னும் பெரிய இடம் வேண்டும்.

காரியஸ்தர் போட்ட கணக்கு

பயண நிறுவனங்களின் பட்டியலில் ராஸ்காமன் மாவட்டம் பெரும்பாலும் இருக்காது. அங்கே ஸ்ட்ரோக்ஸ்டவுன் என்ற ஊர். பிரதான வீதி நம்மூர்த் தேரோடும் வீதி போல விசாலம்; நேராகப் போய் ஒரு ஜமீன் மாளிகையின் வாசலில் முடிகிறது. அந்த மாளிகையும் அதன் லாயங்களில் அமைந்த தேசியப் பஞ்ச அருங்காட்சியகமும்தான், என்னைக் கேட்டால், அயர்லாந்தில் ஒருவர் தவறவே விடக் கூடாத இடம்.

முதலில் சமையலறையைப் பாருங்கள். உயரமான கூடம், மேலே பக்கவாட்டில் ஒரு மரப்பாலம் போன்ற மாடம். வீட்டு அம்மாள் அந்த மாடத்தில் நின்றபடி, வாரத்துக்கு வேண்டிய சமையல் பட்டியலைக் கீழே போடுவாராம். சமையல்காரரோடு பேச வேண்டியதில்லை, அடுப்படிக்கு இறங்கி வர வேண்டியதில்லை. வேலையாட்கள் தோட்டத்தின் அழகைக் கெடுத்துவிடாமல் போய்வர நிலத்தடிப் பாதை தனி. பஞ்சம் எப்படி லட்சக்கணக்கானவர்களைக் கொன்றது என்பதற்குப் புள்ளிவிவரம் தேடும் முன் இந்த மாடத்தை அண்ணாந்து பார்த்தால் போதும். கீழே இருப்பவர்கள் கண்ணில் படாதவாறு ஒரு வீட்டையே கட்டியிருந்தார்கள்.

1845-ல் உருளைக்கிழங்குச் செடிகளில் ஒரு கருகல் நோய் இறங்கியது. ஏழைக் குத்தகை விவசாயிகளுக்கு அந்தக் கிழங்குதான் மூன்று வேளைச் சாப்பாடும். தானியமும் கால்நடையும் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. 1852 வரை நீண்ட பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1851-ல் 65 லட்சம் சொச்சம். அந்தத் தீவு இன்றுவரை பழைய எண்ணிக்கையை எட்டவில்லை.

ஸ்ட்ரோக்ஸ்டவுன் ஜமீன்தார் டெனிஸ் மேஹனுக்கு அவருடைய காரியஸ்தர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். வாடகை கட்ட முடியாதவர்களை ஏழை விடுதியில் வைத்துச் சோறு போடுவதைவிடக் கனடாவுக்குக் கப்பலேற்றி அனுப்புவது மலிவு. 1847 மே மாதம் 1,490 பேரைக் கால்வாய்க் கரையோரமாக டப்ளினுக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்து லிவர்பூல், பிறகு கியூபெக். கப்பல்களில் காய்ச்சல் பரவிப் பெருந்தொகையானவர்கள் கரை சேரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மேஹனை வழிமறித்துச் சுட்டுக் கொன்றார்கள்.

இவ்வளவு நுணுக்கமாக நமக்குத் தெரிவது ஓர் எதிர்பாராத காரியத்தால். 1979-ல் ஜிம் காலரி என்ற உள்ளூர் வியாபாரி தன் லாரித் தொழிலுக்கு நிலம் வேண்டுமென்று இந்தப் பண்ணையை வாங்கினார். மாளிகைக்குள் பஞ்சக் காலத்துக் காகிதங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றில், பசியில் வாடிய குத்தகைக்காரர்கள் வேலை கேட்டு எழுதிய ஒரு மனுவும் இருந்தது. அதைப் படித்தபின் அவரால் அந்த இடத்தை வெறும் நிலமாகப் பார்க்க முடியவில்லை. 1994-ல் அருங்காட்சியகம் திறந்தது. பஞ்சம் தொடங்கி ஏறக்குறைய 150 ஆண்டு கழித்து! அதுவரை பட்டினியைப் பற்றிப் பேசுவதையே பல குடும்பங்கள் அவமானமாக நினைத்தன. அந்த 1,490 பேர் நடந்த வழி இன்று 165 கிலோமீட்டர் நடைபாதை. வழிநெடுகக் குழந்தைக் காலணிகளை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்கள்.

சென்னைக்காரர்களுக்கு இங்கே ஒரு பெயர் உறுத்தும். பஞ்ச நிவாரணத்துக்கு லண்டன் கருவூலத்தில் பொறுப்பாக இருந்த அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். பஞ்சத்தை இறைவன் கொடுத்த பாடமாகப் பார்த்தவர், செலவைச் சுருக்கியவர். அதற்கு 1848-ல் பட்டமும் பெற்றார். 1859-ல் அவர்தான் சென்னை மாகாண கவர்னர். இன்று ரிப்பன் மாளிகையும் நேரு ஸ்டேடியமும் இருக்கும் பகுதியில் மக்கள் பூங்கா அமைத்தவர் என்று சென்னை வரலாறு அவரை நல்லவிதமாகவே நினைவில் வைத்திருக்கிறது. அயர்லாந்தில் அவர் பெயரைச் சொன்னால் முகம் மாறும். ஆட்டக் களங்களில் கூட்டம் சேர்ந்து பாடும் ஒரு பாட்டில்கூட அந்தப் பெயர் வருகிறது.

அதே ராஸ்காமன் மாவட்டத்தின் பாயில் என்ற ஊருக்குச் சென்னையோடு எதிர்த்திசையில் ஓர் உறவு. 12-ஆம் நூற்றாண்டு மடம் ஒன்று, பாதி இடிந்தும் கம்பீரம் குறையாமல், ஆற்றோரம் நிற்கிறது. 1878-ல் இந்த ஊரில் பிறந்தவர் மார்கரெட் கசின்ஸ். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு அங்கே சிறை போனவர். 1915-ல் இந்தியாவுக்கு வந்து, 1917-ல் அடையாறில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1930-களில் வேலூர்ச் சிறையையும் பார்த்தார். அவர் 1954-ல் காலமானதும் அடையாறில்தான்.

துறைமுகமும் மதிலும்

கார்க் நகரிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் கோவ் துறைமுகம். மலைச்சரிவில் வண்ண வீடுகள், உச்சியில் பேராலயம். டைட்டானிக் கடைசியாக நின்ற ஊர் என்பதால் கூட்டம் வருகிறது. 1912 ஏப்ரல் 11 அன்று இங்கே 123 பேர் ஏறினார்கள். அந்தக் கூட்டத்தோடு போய்விடாமல் துறைமுகக் கரையில் ஆனி மூரின் சிலையிடம் நில்லுங்கள். தம்பிகள் இருவரோடு இங்கே கப்பலேறிய இந்தப் பெண், 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்த முதல் ஆள்.

இந்தியர்கள் மேற்கு கார்க் கடலோரத்தில் அஹகிஸ்டா வரை போக வேண்டும். 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியா 182 விமானம் இந்தக் கடலுக்கு மேல் குண்டு வெடித்துச் சிதறியது. 329 பேரும் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்திய வம்சாவளியினர். மறு ஆண்டே நினைவிடம் எழுந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் கனடாவிலிருந்து வரும் குடும்பங்களோடு ஊர் மக்களும் வந்து நிற்கிறார்கள். தங்களுக்கு முன்பின் தெரியாதவர்களின் சாவை அந்தச் சிற்றூர் தன் வீட்டுத் துக்கமாக எடுத்துக்கொண்டது.

டெர்ரி, வடக்கே, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் இருக்கிறது. 1613-க்கும் 1619-க்கும் இடையில் கட்டிய மதில் உடையாமல் நகரைச் சுற்றி நிற்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டரை மேலேயே நடந்து முடிக்கலாம். 1689-ல் 105 நாள் முற்றுகையைத் தாங்கிய மதில், புராட்டஸ்டண்டுகளுக்குப் பெருமை. அதே மதில்மேல் நின்று கீழே பார்த்தால் கத்தோலிக்கர்களின் பாக்சைடு. 1972 ஜனவரி 30 அன்று அங்கே ஊர்வலம் போனவர்கள் மீது பிரிட்டிஷ் ராணுவம் சுட்டு 13 பேர் அன்றே இறந்தார்கள். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று விசாரணை அறிக்கை சொல்லி, பிரதமர் மன்னிப்புக் கேட்க 2010 வரை ஆனது. ஒரே நடையில் இரண்டு சாராரின் வரலாறும் காலடியில் கிடக்கிறது.

இன்னும் சுரண்டி எடுக்காத சுவர்களும் உண்டு. கால்வே மாவட்டத்தின் ட்யூவம் ஊரில், மணமாகாத தாய்மார்களுக்காகக் கன்னியர்கள் நடத்திய இல்லத்தில் 1925 முதல் 1961 வரை 796 குழந்தைகள் இறந்ததற்குப் பதிவு இருக்கிறது. புதைத்ததற்குப் பதிவு இல்லை. கேத்தரின் கோர்லஸ் என்ற உள்ளூர் வரலாற்றாளர் தனி ஆளாக இறப்புச் சான்றிதழ்களைத் திரட்டி 2014-ல் நாட்டை உலுக்கினார். அங்கே தோண்டும் பணி 2025-ல்தான் தொடங்கியது. டப்ளினில், பெண்களை அடைத்துச் சம்பளமில்லாமல் துணி வெளுக்க வைத்த மக்தலேன் சலவைக்கூடங்களில் கடைசியானது 1996-ல் மூடியது. அந்தக் கட்டட வளாகத்தில் தேசிய நினைவு மையம் அமைக்க அரசு முடிவெடுத்திருக்கிறது. அது சீக்கிரம் திறக்க வேண்டும். அங்கே வேலை பார்த்த பெண்கள் வயதாகிக்கொண்டே போகிறார்கள்.

போகத் திட்டமிடுகிறவர்களுக்கு: ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது, தனி விசா வேண்டும். டெர்ரிக்குப் போனால் எல்லையில் யாரும் நிறுத்த மாட்டார்கள், ஆனாலும் பிரிட்டனுக்குள் நுழையும் அனுமதி கையில் இருப்பது கட்டாயம். கில்மெய்னம், நியூகிரேஞ்ச் இரண்டுக்கும் விமான டிக்கெட்டோடு சேர்த்தே முன்பதிவைக் கவனியுங்கள். அரசுப் பராமரிப்பிலுள்ள இடங்கள் பலவற்றைப் பார்ப்பதானால் ஹெரிட்டேஜ் கார்டு லாபம். கில்கெனிக்கும் கோவுக்கும் ரயில் போதும். ஸ்ட்ரோக்ஸ்டவுனுக்குக் கார் வேண்டும். நம்மூர் போல இடப்பக்க ஓட்டம்தான், கிராமச் சாலைகள் மட்டும் ஒடுக்கம். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், காலையில் டப்ளினிலிருந்து கிளம்பி அருங்காட்சியகம், மாளிகை, பாயில் மடம் மூன்றையும் பார்த்துவிட்டு இருட்டும் முன் திரும்பிவிடலாம்.